மேகத்தின் முகவரி

சென்ற மாதம் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மாணவன் ஒருவன் எழுந்து நின்று, "ஃபாதர், இந்த ஏ.ஐ. எங்க இருக்கு?" என்று கேட்டான். கையிலிருந்த செல்போனைக் காட்டி, "இதுக்குள்ளயா?" என்றான். பக்கத்தில் இருந்த மாணவி முந்திக்கொண்டு, "இல்லடா, அது கிளவுட்ல இருக்கு" என்றாள். கிளவுட் என்றால் மேகம். வகுப்பு முழுவதும் மேலே கூரையைப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அன்றைய பாடத்தைத் தொடர்ந்தேன். ஆனால் அந்தக் கேள்வி மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. எங்கே இருக்கிறது இந்தச் செயற்கை நுண்ணறிவு?

அதற்கு முகவரி உண்டு. ஒன்றல்ல, பல. அயர்லாந்து நாட்டு டப்ளின் நகரின் புறநகரில் ஒன்று, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒன்று, நம் சென்னையை அடுத்த சிறுசேரியிலும் அம்பத்தூரிலும்கூட. 'டேட்டா சென்டர்' எனப்படும் தரவு மையங்கள் அவை. சன்னல் இல்லாத பெரிய கட்டடங்கள். உள்ளே அலமாரி அலமாரியாகக் கணினிகள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படம், வங்கியில் செலுத்தும் பணம், பிள்ளைகள் ஏ.ஐ.யிடம் கேட்கும் வீட்டுப்பாடம் என எல்லாமே இத்தகைய கட்டடங்களின் வழியாகத்தான் போய் வருகின்றன.

2025 சனவரி 28 அன்று திருப்பீடத்தின் விசுவாசக் கோட்பாட்டுத் துறையும் கலாச்சாரம், கல்வித் துறையும் இணைந்து செயற்கை நுண்ணறிவு பற்றி 'ஆந்திகுவா எத் நோவா' என்ற ஏட்டை வெளியிட்டன. 'பழையதும் புதியதும்' என்று பொருள். அதில் இந்த 'மேகம்' என்னும் சொல்லைப் பற்றியே ஒரு குறிப்பு இருக்கிறது. இச்சொல்லைக் கேட்கும்போது ஏதோ மண்ணோடு தொடர்பில்லாத ஓர் உலகத்தில் இவையெல்லாம் நடப்பதுபோல் தோன்றுகிறது. உண்மையில் இயந்திரங்களும் கம்பிகளும் மின்சாரமும் இல்லாமல் எதுவும் நடப்பதில்லை என்று அந்த ஏடு நினைவூட்டுகிறது. உரோமையிலிருந்து வரும் ஏடுகள் பொதுவாக இவ்வளவு கண்ணுக்கு நேராகப் பேசுவதில்லை. இதை வாசித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

சரி, எவ்வளவு மின்சாரம்? பன்னாட்டு எரிசக்தி முகமை 2025 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2024ஆம் ஆண்டில் உலகத்தின் தரவு மையங்கள் அனைத்தும் சேர்ந்து ஏறக்குறைய 41,500 கோடி யூனிட் மின்சாரம் செலவிட்டன. உலக மின் பயன்பாட்டில் இது ஒன்றரை விழுக்காடு. 2030இல் இது 94,500 கோடி யூனிட் வரை உயரலாம் என்று அம்முகமை கணிக்கிறது. இன்று ஜப்பான் நாடு முழுவதும் பயன்படுத்தும் மின்சாரத்தைவிட இது சற்று அதிகம். ஏ.ஐ. வேலைகளுக்கென்று செய்யப்படும் சில்லு ஒன்று மட்டும் 700 வாட் வரை மின்சாரம் இழுக்கிறது. நம் வீட்டு மின்விசிறிகள் ஒன்பதை ஒரே நேரத்தில் ஓடவிடுவதற்குச் சமம். இப்படிப் பல்லாயிரம் சில்லுகள் ஒரே கூரையின் கீழ் இருந்தால் எழும் சூட்டைத் தணிக்க, மேலும் மின்சாரமும் பல இடங்களில் தண்ணீரும் தேவைப்படுகின்றன.

இங்கே ஒரு செய்தியைத் தெளிவுபடுத்த வேண்டும். ஏ.ஐ.யிடம் ஒரு கேள்வி கேட்டால் ஒரு பாட்டில் தண்ணீர் வீணாகிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. நம் பங்குக் குழுவிலும் வந்தது. இதை அப்படியே நம்ப வேண்டாம். 2025 ஆகஸ்டில் கூகுள் நிறுவனம் வெளியிட்ட கணக்கின்படி, தன் ஏ.ஐ.யிடம் எழுத்தில் கேட்கப்படும் நடுத்தரமான ஒரு கேள்விக்கு 0.24 வாட் மணி மின்சாரமும் ஏறக்குறைய ஐந்து சொட்டுத் தண்ணீரும் செலவாகின்றன. அதாவது, ஒரு யூனிட் மின்சாரத்தில் நான்காயிரம் கேள்விகளுக்கு மேல் கேட்கலாம். நிறுவனமே சொல்லும் கணக்கு இது. படம், காணொளி உருவாக்குவதற்கும், அந்த ஏ.ஐ.யை முதலில் பயிற்றுவிப்பதற்கும் ஆகும் செலவு இதில் வராது. இருந்தாலும், ஒரு கேள்வி கேட்டதற்காகப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வர வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. சிக்கல் தனி ஒரு கேள்வியில் இல்லை. கோடிக்கணக்கானோர் ஒவ்வொரு நாளும் கேட்பதிலும், நாம் கேட்காமலேயே ஒவ்வொரு செயலியிலும் அது நுழைக்கப்படுவதிலும் இருக்கிறது.

இயந்திரங்கள் சிக்கனமாக ஆக ஆகச் செலவு குறையும் என்று நினைக்கிறோம். 1865ஆம் ஆண்டிலேயே ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் இதை மறுத்துச் சொன்னார். நீராவி இயந்திரங்கள் குறைந்த நிலக்கரியில் ஓடத் தொடங்கியபின் இங்கிலாந்தில் நிலக்கரிப் பயன்பாடு குறையவில்லை, ஏறியது. மலிவானதால் எல்லோரும் பயன்படுத்தினார்கள். அதே கதைதான் இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது.

அயர்லாந்தை எடுத்துக்கொள்வோம். நமக்கு மறைபரப்பாளர்களையும் அருள்சகோதரிகளையும் அனுப்பிய கத்தோலிக்க நாடு. குளிர்ந்த தட்பவெப்பம், குறைந்த வரி, கடலடிக் கேபிள்கள் என்று பல காரணங்களால் பெரிய கணினி நிறுவனங்கள் அங்கே குவிந்தன. 2015இல் அந்நாட்டு மின்சாரத்தில் 5 விழுக்காட்டைத் தரவு மையங்கள் பயன்படுத்தின. 2024இல் அது 22 விழுக்காடு. நகர்ப்புற வீடுகள் எல்லாம் சேர்ந்து பயன்படுத்துவதைவிட இது அதிகம். டப்ளின் பகுதியில் புதிய மையங்களுக்கு இணைப்புக் கொடுப்பதையே ஏறக்குறைய நிறுத்தி வைக்கும் நிலை வந்தது.

அமெரிக்காவில் இன்னொரு வியப்பு. பென்சில்வேனியா மாநிலத்தில் 'மூன்று மைல் தீவு' என்னும் அணுமின் நிலையம் இருக்கிறது. 1979 மார்ச் 28 அன்று அதன் இரண்டாவது உலை பாதி உருகியது. அமெரிக்க அணுமின் வரலாற்றில் மிக மோசமான விபத்து அது. விபத்துக்கு ஆளாகாத முதல் உலை தொடர்ந்து ஓடி, இலாபம் இல்லையென்று 2019இல் மூடப்பட்டது. 2024 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இருபது ஆண்டுகளுக்கு மின்சாரம் வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம் செய்தவுடன், மூடிய அந்த உலையையே மீண்டும் திறக்கும் வேலை தொடங்கியது. பெயரையும் மாற்றிவிட்டார்கள். 835 மெகாவாட் மின்சாரம் அதிலிருந்து வரும். அணுமின்சாரம் கரியமில வாயுவை வெளியிடுவதில்லை என்பது உண்மைதான். காலநிலை மாற்றத்தைக் கண்டு அஞ்சுவோர் பலர் இதை வரவேற்கிறார்கள். ஆனால், மக்களின் வீட்டு விளக்குக்காகத் திறக்க மனம் வராத உலை, கணினிக்காகத் திறக்கப்படுகிறது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

அணுக்கருப் பிணைவு பற்றியும் பலர் கேட்கிறீர்கள். சூரியனுக்குள் நடப்பதைப் பூமியில் நடத்திக் காட்டும் முயற்சி. 2022 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஒளியைச் செலுத்தி 3.15 மெகாஜூல் ஆற்றலைப் பெற்றார்கள். பெரிய சாதனை. ஆனால் அந்த லேசரை இயக்குவதற்கு மின்கம்பியிலிருந்து எடுத்தது ஏறக்குறைய 300 மெகாஜூல். ஆகவே இதை நம்பி இப்போதைக்கு யாரும் மின்கட்டணம் குறையும் என்று காத்திருக்க வேண்டாம்.

நம் நாட்டுக்கு வருவோம். 2025 அக்டோபரில் கூகுள் நிறுவனம் ஆந்திராவின் விசாகப்பட்டினத்தில் ஐந்து ஆண்டுகளில் 1,500 கோடி டாலர் முதலீட்டில் ஏ.ஐ. மையம் அமைக்கப் போவதாக அறிவித்தது. கிகாவாட் அளவிலான மையம் என்று சொல்லப்படுகிறது. ஒரு கிகாவாட் என்றால் 1,000 மெகாவாட். கூடங்குளத்தில் ஓர் உலை தரும் மின்சாரம் அவ்வளவுதான். தமிழக அரசும் 2021இல் தரவு மையங்களுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. கடலடிக் கேபிள்கள் கரை சேரும் இடம் என்பதால் சென்னைக்கு இத்துறையில் நல்ல மதிப்பு. வேலைவாய்ப்பு வரும், முதலீடு வரும் என்று சொல்கிறார்கள். வரட்டும். 2019 கோடையில் இதே சென்னையில் நான்கு ஏரிகளும் வறண்டு, சோலையார்பேட்டையிலிருந்து இரயிலில் குடிநீர் வந்ததை மட்டும் நான் மறக்கவில்லை. சூட்டைத் தணிக்கத் தண்ணீரைப் பயன்படுத்தும் மையங்களும் உண்டு. தண்ணீரைத் தவிர்த்துக் கூடுதல் மின்சாரத்தால் குளிர்விக்கும் மையங்களும் உண்டு. எந்த மையம் எவ்வளவு எடுக்கிறது என்று பக்கத்துத் தெருவில் குடத்தோடு நிற்கும் பெண் கேட்டால், அவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

கூடங்குளம் என்று எழுதியவுடன் என் மனம் 2012க்குப் போகிறது. இடிந்தகரையில் லூர்து மாதா ஆலயத்தின் முன் பந்தலில் மீனவ மக்கள், பெரும்பாலும் பெண்கள், மாதக்கணக்கில் அமர்ந்திருந்த காலம். ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குகள் போடப்பட்டன. அப்போது நான் கடற்கரையிலிருந்து தொலைவில் உள்நாட்டுப் பங்கு ஒன்றில் இருந்தேன். தமிழ்நாடு முழுவதும் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு. பவர்லூம் வைத்திருந்த என் பங்கு மக்கள் திருப்பலி முடிந்து வந்து, "சாமி, அங்க அவங்க உக்காந்திருக்கிறதாலதான் நமக்குக் கரண்டு இல்ல" என்பார்கள். அவர்கள் சொன்னதில் கோபம் இருந்தது, பசியும் இருந்தது. தறி ஓடினால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் இருந்தவர்கள் அவர்கள். நான் இரு பக்கமும் பேசாமல் தலையாட்டிவிட்டு அறைக்குள் போய்விடுவேன். ஒரே விசுவாசத்தைச் சேர்ந்த ஏழை மக்கள் இரு தரப்பாகப் பிரிந்து ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். இடையில் நின்று பேச வேண்டிய நான் பேசவில்லை. 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிலையத்தை இயக்க அனுமதித்தது. வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்க வேண்டும் என்றும் கூறியது. உலை ஓடத் தொடங்கியது. மின்வெட்டும் பின்னர் பல காரணங்களால் குறைந்தது. அந்தப் பெண்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: எங்கள் வாசலில் கட்டுவதற்கு முன் எங்களிடம் ஏன் கேட்கவில்லை?

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில் இதற்கு இடம் கொடுத்திருக்கிறார். ஒரு திட்டத்தால் பாதிக்கப்படும் உள்ளூர் மக்களுக்கு அதைப் பற்றிய கலந்துரையாடலில் தனி இடம் இருக்க வேண்டும் என்கிறார். இடிந்தகரைக்குப் பிறகு வந்த மடல் அது. முன்பே வந்திருந்தால் நான் பேசியிருப்பேனா என்று தெரியவில்லை.

பழைய ஏற்பாட்டில் நாபோத்தின் திராட்சைத் தோட்டக் கதை (1 அரசர்கள் 21) நமக்குத் தெரியும். ஆகாபு அரசனை நாம் உடனே கொடியவன் என்று முடிவு கட்டிவிடுகிறோம். கவனித்து வாசித்தால், அவன் முதலில் நியாயமாகத்தான் பேசுகிறான். அரண்மனைக்கு அடுத்த அந்த நிலத்தைக் காய்கறித் தோட்டமாக்க விரும்புகிறான். அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன் என்கிறான், இல்லையென்றால் பணம் தருகிறேன் என்கிறான். இன்றைய மொழியில் சொன்னால் இழப்பீடு, மாற்று இடம் இரண்டும் பேசப்பட்டன. நாபோத்து இது என் முன்னோரின் உரிமைச் சொத்து என்று மறுக்கிறான். மறுக்கும் உரிமை அவனுக்கு இல்லை என்று முடிவானபோதுதான் கொலை நுழைகிறது. இழப்பீடு வழங்கினோம் என்று அரசுகளும் நிறுவனங்களும் சொல்லும்போதெல்லாம், 'வேண்டாம்' என்று சொல்ல அவர்களுக்கு இடமிருந்ததா என்று நான் கேட்டுக்கொள்வதுண்டு. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டத்தின்படி அணுமின் துறையில் தனியார் நிறுவனங்களும் நுழையலாம். தரவு மையங்களின் பசி அதிகமாகும்போது இந்தக் கேள்வி நம் கடற்கரைகளுக்கு மறுபடியும் வரும்.

இன்னொரு முகவரியைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையானதாக இராது. ஆப்பிரிக்காவில் காங்கோ மக்களாட்சிக் குடியரசின் தென்கிழக்கில் கொல்வேசி என்ற நகரம். நம் செல்போன், மடிக்கணினி, மின்சாரக் கார் ஆகியவற்றின் பேட்டரிகளில் பயன்படும் கோபால்ட் என்னும் உலோகம் அம்மண்ணில் நிறைந்து கிடக்கிறது. உலகில் வெட்டி எடுக்கப்படும் கோபால்ட்டில் பத்தில் ஏழு பங்குக்கும் மேல் காங்கோவிலிருந்துதான் வருகிறது. பெரிய நிறுவனங்களின் சுரங்கங்கள் ஒரு பக்கம்; மறுபக்கம், கையால் குழி தோண்டி மண்ணைச் சலித்து மூட்டை கட்டி விற்கும் ஏழைகள். தாங்குதூண் இல்லாத குழிகள் சரிந்து புதையுண்டவர்கள் பலர். சிறுவர்களும் இந்த வேலையில் இருப்பதை 2016இல் பன்னாட்டுப் பொதுமன்னிப்பு அவை அறிக்கையாக வெளியிட்டு உலகின் பெரிய நிறுவனங்களிடம் விளக்கம் கேட்டது.

அந்த அறிக்கைக்கும் முன்பாக, 2012இலேயே நல்லாயன் சபைக் கன்னியர் கொல்வேசிக்குச் சென்றுவிட்டார்கள். கென்ய நாட்டவரான அருள்சகோதரி கேத்தரின் முதிண்டி அப்பணியைத் தொடங்கியவர். சுரங்கக் குழிகளிலிருந்து பிள்ளைகளை மீட்டுப் பள்ளிக்கு அழைத்து வருவது முதல் வேலை. ஆனால் பிள்ளை கொண்டுவரும் சில்லறைக் காசு இல்லாவிட்டால் வீட்டில் உலை ஏறாதே! எனவே தாய்மார்களுக்கு வேளாண்மையும் கைத்தொழிலும் கற்றுக்கொடுத்தார்கள். மக்கள் தங்கள் உரிமைகளைப் பேசக் கற்றுக்கொண்டார்கள். 2019இல் அச்சகோதரிக்கு ஓப்பஸ் விருது வழங்கப்பட்டது. நம் ஊரிலும் நல்லாயன் கன்னியரின் பள்ளிகளில் படித்தவர்கள் பலர் இருப்பீர்கள். அதே சபையின் சகோதரிகள்தான் உங்கள் செல்போனின் பேட்டரி பிறக்கும் இடத்தில் நிற்கிறார்கள்.

2023 சனவரி 31 அன்று கின்ஷாசா சென்ற திருத்தந்தை பிரான்சிஸ், காங்கோவின் மீதும் ஆப்பிரிக்காவின் மீதும் வைத்த கைகளை எடுங்கள் என்று உலகத்தைப் பார்த்துச் சொன்னார். செல்வரும் இலாசரும் உவமையில் (லூக்கா 16) செல்வர் இலாசரை அடித்தார் என்றோ விரட்டினார் என்றோ இயேசு சொல்லவில்லை. வாயிலில் கிடந்தவரைக் கடந்து போனார், அவ்வளவே. கொல்வேசி நம் வாயிலில் இல்லை, கடல்களுக்கு அப்பால் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து வந்தது நம் சட்டைப்பையில் இருக்கிறது.

இதில் நல்ல செய்தியும் உண்டு. கோபால்ட்டே இல்லாத, இரும்பும் பாஸ்பேட்டும் கலந்த லித்தியம் பேட்டரிகள் இப்போது மின்வாகனங்களில் வேகமாகப் பரவுகின்றன. உப்பில் உள்ள சோடியத்தைக் கொண்டே பேட்டரி செய்யும் முயற்சியும் சந்தைக்கு வந்துவிட்டது. ஆனால் கோபால்ட் தேவை குறைந்தால் கொல்வேசியின் குழி தோண்டுவோர் எதைத் தின்பார்கள் என்பது அடுத்த கேள்வி. தொழில்நுட்பம் ஒரு முனையில் முடிச்சை அவிழ்க்கும்போது மறு முனையில் யாருடைய கழுத்திலாவது கயிறு இறுகுகிறது.

தொழில்நுட்பத்தையே வெறுக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். சூரிய ஒளித் தகடுகளின் விலை 2010க்குப் பின் பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது எத்தனையோ மலைக்கிராமங்களுக்கு விளக்கைக் கொடுத்திருக்கிறது. வத்திக்கானிலும் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் காலத்தில், 2008இல், ஆறாம் பவுல் அரங்கின் கூரையில் 2,400 தகடுகள் பொருத்தப்பட்டன. 2024 சூன் மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் 'சகோதரன் சூரியன்' என்ற பெயரில் ஆணை பிறப்பித்து, உரோமைக்கு வெளியே சாந்தா மரியா தி கலேரியா என்ற இடத்தில் வேளாண்மையோடு சேர்ந்த சூரிய மின்நிலையம் அமைக்கப் பணித்தார். வத்திக்கான் வானொலியின் ஒலிபரப்புக் கோபுரங்கள் இருக்கும் இடம் அது. அந்தக் கோபுரங்களின் அலைவீச்சு தங்கள் உடல்நலத்தைக் கெடுக்கிறது என்று அக்கம்பக்கத்து மக்கள் நீண்ட காலம் வழக்காடியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அண்டை வீட்டாரிடம் கேட்கும் பாடம் திருச்சபைக்கும் தேவைப்பட்டதுதான்.

இப்போதைய திருத்தந்தை பதினான்காம் லியோ, 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டாம் நாளே கர்தினால்களிடம் தம் பெயருக்கான காரணத்தைச் சொன்னார். 1891இல் தொழிலாளர் உரிமைக்காக 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலைத் தந்த பதின்மூன்றாம் லியோவை நினைத்தும், இன்று செயற்கை நுண்ணறிவு கொண்டுவரும் புதிய தொழிற்புரட்சியை நினைத்தும் அப்பெயரை எடுத்தேன் என்றார். அன்று நிலக்கரிப் புகைக்கு நடுவே உழைப்பவரின் முகத்தைத் தேடிய திருச்சபை, இன்று சன்னல் இல்லாத கட்டடங்களுக்குப் பின்னால் அதைத் தேட வேண்டியிருக்கிறது.

ஓர் ஒப்புதல். ஒருமுறை நானும் சோதித்துப் பார்க்க, ஏ.ஐ.யிடம் ஞாயிறு மறையுரை ஒன்று கேட்டேன். அழகான தமிழில் வந்தது. என் மறையுரையைவிடப் பிழை குறைவு என்றே சொல்ல வேண்டும். ஆனால் அதில் எங்கள் ஊரில் இருந்து ஒருவர்கூட இல்லை. பிறகு கேட்கவில்லை.

பங்குப் பேரவையில் இரண்டு காரியங்கள் பேசியிருக்கிறோம். ஆலய மண்டபத்தின் கூரையில் சூரியத் தகடு வைப்பதற்கு விலைப்பட்டியல் கேட்டிருக்கிறோம். செலவு அதிகம், திருவிழாவுக்குப் பிறகு முடிவாகும். மற்றொன்று, உடைந்த பழைய செல்போன்களை வீட்டு மேசையறையில் போட்டு வைக்காமல் கொண்டுவந்து தாருங்கள். முறையாக மறுசுழற்சி செய்பவர்களிடம் ஒப்படைப்போம். பழுதானதைச் சரிசெய்து இன்னும் இரண்டு ஆண்டு ஓட்ட முடியுமென்றால் கடைத்தெருவில் பழுது பார்க்கும் தம்பிக்கும் பிழைப்பு. இளையோர் இயக்கத்தினர் பெட்டி வைத்திருக்கிறார்கள். இதுவரை பதினொன்று வந்திருக்கின்றன. அதில் ஒன்று என்னுடையது.

அந்த மாணவனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. வரும் ஞாயிறு வகுப்புக்குப் பள்ளியிலிருந்து உலக வரைபடம் ஒன்றை இரவல் வாங்கி வைத்திருக்கிறேன். டப்ளினும் விசாகப்பட்டினமும் அதில் இருக்கின்றன. கொல்வேசி அச்சிடப்படவில்லை. பேனாவால் ஒரு புள்ளி வைத்துப் பெயர் எழுதியிருக்கிறேன்.